அத்தானின் வீட்டு வான் கொம்பனி

புத்தம் புதிய வாகனம் ஒன்றுக்குள்ளிருந்து மீன் பொரிகிற மணம் வந்துகொண்டிருந்தது. அத்தானை நினைக்கும்போதெல்லாம் எனக்கு முதலில் வருவது அந்த மணம்தான். அவருடைய முகமும் குரலும் அதற்குப் பிறகுதான் வருகின்றன. வேலணையிலிருந்து சுருவிலுக்குப் போகிற வழியில், நெடுங்காலம் பூட்டிக்கிடந்த அரிசி ஆலையொன்றை வாங்கி அவர் திருத்தியிருந்தார். நான் முதன்முதலாக அங்கே போன அன்று ஆலையின் பெரிய கதவுகள் அகலத் திறந்திருந்தன. நடுவில் வெள்ளை வான் ஒன்று நின்றது. அதன் யன்னல் கண்ணாடிகளில் ஒட்டியிருந்த பொலித்தீன் தாள்கூட இன்னும் உரிக்கப்படவில்லை. உள்ளே, ஒருவர் மட்டும் நின்று திரும்பக்கூடிய குசினியில், மின்வேலைக்காரர் சறத்தை மடித்துக் கட்டிக்கொண்டு விளைமீன் பொரித்துக்கொண்டிருந்தார். அத்தான் வெளியே நின்று, கூரையில் பூட்டியிருந்த காற்றாடி புகையை இழுக்கிறதா என்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் "வாரும்" என்று சொல்லிவிட்டு மறுபடியும் மூக்கை உயர்த்தி மணம் பிடித்தார். "மீன் பொரிச்ச மணம் கெதியாப் போகாட்டி அது குசினியில்லை, மச்சாள். சும்மா படம்."

அத்தான் என் அக்காவின் கணவர். இளம் வயதில் ஊரைவிட்டுப் போய், ஜேர்மனியின் தெற்குப் பக்கத்தில் ஒரு தொழிற்சாலையில் சேர்ந்து, தலை நரைக்கும்வரை அங்கேயே வேலை செய்தவர். படுக்கை, குசினி, கழிப்பறை, தண்ணீர்த் தாங்கி எல்லாவற்றையும் ஒரு வானுக்குள் அடக்கி, அதை ஓட்டிக்கொண்டு ஊர் ஊராகப் போய்த் தங்கக்கூடியதாகச் செய்வதுதான் அந்தத் தொழிற்சாலையின் வேலை. பிள்ளைகள் தலையெடுத்த பிறகு அவரும் அக்காவும் வேலணைக்குத் திரும்பி வந்தார்கள். வந்தவர் சும்மா இருக்கவில்லை. உல்லாசப் பயணிகளுக்கு வாகனம் வாடகைக்கு விடுகிற கொழும்பு நிறுவனங்கள் இப்படியானவற்றைத் தேடுகின்றன என்று அறிந்து, பழைய வான்களை வாங்கி, புதிதாக்கி மாற்றிக் கொடுக்கத் தொடங்கினார். தீவுப் பகுதியில் இதைக் கேட்டுச் சிரிக்காதவர்கள் இல்லை. ஊரில் கட்டின வீடுகளே ஆளில்லாமல் கிடக்கின்றன, இவர் ரயர் பூட்டின வீடு செய்கிறாராம் என்று கடைத்தெருவில் சொன்னார்கள். அப்படிச் சொன்னவர்களில் பாதிப்பேருடைய மடியில் பக்கத்து வீட்டுத் திறப்பு இருந்தது. வெளிநாட்டிலிருக்கிற யாரோ, வீட்டைப் பூட்டி, பார்த்துக்கொள்ளும்படி கொடுத்துவிட்டுப் போன திறப்பு. சிரிப்பதற்காக வைத்த பெயரே பிறகு நிலைத்துவிட்டது. வீட்டு வான் கொம்பனி என்று கேட்டால்தான் இன்றைக்கும் வழி காட்டுவார்கள்.

நான் அன்று வேலை கேட்டுப் போகவில்லை. அத்தானுக்குத் தமிழும் ஜேர்மன் மொழியும்தான் சரளம். கொழும்புக்கு ஆங்கிலத்தில் கடிதம் எழுத ஆள் தேவைப்பட்டது. அப்போது நான் யாழ்ப்பாண நகரத்தில் ஒரு அலுவலகத்தில் இருந்தேன். எங்கள் முதலாளிக்கு யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிடும் வழக்கமில்லை. மேசையில் இருந்த மணியை அடிப்பார். எத்தனை தரம் அடிக்கிறார் என்பதை வைத்து யாரைக் கூப்பிடுகிறார் என்று நாங்கள் விளங்கிக்கொள்ள வேண்டும். பிழை நடந்தால் அது யாருடைய தலையில் விழப்போகிறது என்ற கவலையில்தான் எங்கள் நாட்கள் போயின. பிழையைத் திருத்த யாருக்கும் நேரமிருக்கவில்லை. அப்படியான இடத்திலிருந்து போன எனக்கு, அத்தான் ஆலையைச் சுற்றிக் காட்டியபோது முதலில் கண்ணில் பட்டது சுவர்தான். ஒவ்வொரு வேலை ஆயுதத்தின் உருவத்தையும் சுவரில் கறுப்பு மையால் கீறி, அந்த உருவத்தின் மேல் அந்த ஆயுதத்தைக் கொழுவி வைத்திருந்தார்கள். சுத்தியலை யாராவது எடுத்தால் சுவரில் சுத்தியலின் நிழல் மட்டும் நிற்கும். ஒருவரையொருவர் சந்தேகப்படாமல் இருக்க இது நல்ல வழி என்றார் அத்தான். தன்னுடைய பழைய தொழிற்சாலையிலிருந்து கொண்டுவந்தவற்றில் பாரமில்லாதது இந்தப் பழக்கங்கள்தான், விமானத்தில் காசு கேட்கவில்லை என்று சிரித்தார்.

காலையில் வேலை தொடங்குமுன் எல்லாரும் வட்டமாக நிற்பார்கள். அத்தானும் அந்த வட்டத்தில் ஒருவர். நேற்று என்ன பிழைத்தது என்று ஒவ்வொருவரும் சொல்ல வேண்டும். ஆரம்பத்தில் இது நடக்கவேயில்லை என்று பிறகு அறிந்தேன். எல்லாரும் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பார்களாம். கடைசியில் யாராவது ஒருவர், எல்லாம் நல்லாகத்தான் போகிறது அண்ணை என்பாராம். நல்லாகப் போவது தனக்குக் கண்ணால் தெரிகிறது, தெரியாததைச் சொல்லச் சொல்லி அத்தான் கேட்பாராம். ஒருவரும் வாய் திறக்காதபடியால் தன்னுடைய பிழைகளைத் தானே சொல்லத் தொடங்கினார். கொழும்புக்காரரோடு கதைத்தபோது கோபப்பட்டுவிட்டேன், அளவை மாறி எழுதிவிட்டேன், நேற்று ஒருவருடைய பெயரை மறந்துவிட்டேன் என்று ஒவ்வொரு நாளும் ஒன்று. முதலாளி தன் பிழையைச் சொல்வதைக் கேட்டுக்கொண்டு நிற்பது அவர்களுக்குப் பெரிய கூச்சமாக இருந்திருக்கிறது. அந்தக் கூச்சத்தைத் தாங்க முடியாமல்தான் மற்றவர்களும் சொல்லத் தொடங்கினார்கள் என்று நினைக்கிறேன். அவரை யாரும் முதலாளி என்று கூப்பிடக்கூடாது. அண்ணை என்றால் போதும். தேநீர் குடித்த கோப்பையை அவரவர் கழுவ வேண்டும். வேலை முடியும் நேரம் வந்தால், ஒரு ஆணி மீதியிருந்தாலும் வீட்டுக்குப் போகச் சொல்வார்.

இவற்றையெல்லாம் விடப் பெரிய சட்டம் சாப்பாட்டுச் சட்டம். ஒரு வாகனம் முடிந்தால், அதில் வேலை செய்த எல்லாரும் அதன் குசினியில் சமைத்து, அதன் உள்ளே ஒன்றாக இருந்து சாப்பிட வேண்டும். சாப்பிடாமல் அது வாசலைத் தாண்டாது. ஜேர்மனியிலும் இப்படிச் செய்தார்களாம். மேசை ஆடுகிறதா, கதவில் தலை இடிக்கிறதா, தண்ணீர் ஒழுங்காக வடிகிறதா என்பதெல்லாம் மனிதர் உள்ளே இருந்து புழங்கினால்தான் தெரியும். ஆனால் வேலணையில் அந்தச் சட்டத்துக்கு இன்னொரு பொருளும் இருந்தது. ஒரே சட்டியில் சமைத்ததை, முழங்கால் முழங்காலோடு முட்ட, எல்லாரும் ஒன்றாக இருந்து சாப்பிடுவது எங்கள் பக்கத்தில் இன்னும் எல்லாருக்கும் இலேசான காரியமில்லை. யார் வீட்டுச் செம்பில் யார் தண்ணீர் குடிக்கலாம் என்பதை வாய்விட்டுச் சொல்லாமலே அறிந்து வைத்திருக்கிற ஊர். நல்ல வேலைக்காரர் ஒருவர் இந்தச் சட்டத்தைக் கேட்டதுமே தன் சாமான்களை எடுத்துக்கொண்டு போய்விட்டார். காரணம் சொல்லவில்லை. அத்தானும் கேட்கவில்லை. ஆனால் அந்த நாளிலிருந்து இந்த ஒரு விஷயத்தில் மட்டும் அவர் இரும்பாகிவிட்டார்.

அன்று என்னையும் உள்ளே வந்து சாப்பிடச் சொன்னார்கள். சோறு, சொதி, பொரித்த மீன். ஏழெட்டுப்பேர் கட்டிலிலும் வாங்கிலுமாக நெருங்கி இருந்தோம். அத்தான் மட்டும் காலை வெளியே தொங்கவிட்டுக்கொண்டு கதவடிப் படியில் இருந்தார். எல்லாருக்கும் இடம் விட்டுவிட்டு வாசலில் இருக்கிறாரே, வீட்டுக்காரரின் பண்பு என்று நினைத்தேன். இன்னொருவர் உள்ளே வரவில்லை. அவர் கிணற்றடியில் நின்று மரம் அறுக்கிற வாளைத் துடைத்துக்கொண்டிருந்தார். ஈஸ்டருக்கு முந்திய தபசு காலம், அதனால் ஒருசந்தி விரதம் என்று மற்றவர்கள் சொன்னார்கள். அவர்தான் உள்ளே இருந்த அலுமாரிகள், மடிக்கிற மேசை, கட்டில் எல்லாவற்றையும் செய்த தச்சர். சொந்த இடம் நெடுந்தீவு. கிழமை நாட்களில் ஆலையின் பின்னறையில் தங்கிவிட்டுச் சனிக்கிழமைகளில் வள்ளம் ஏறிப் போவார். அதனால் எல்லாருக்கும் அவர் நெடுந்தீவண்ணை. குறைவாகவே பேசுவார். அவர் செய்த இழுப்பறைகளை விரலால் தொட்டால் போதும், பாலில் ஆடை விலகுவதுபோலச் சத்தமில்லாமல் வரும். நான் அடுத்த மாதமே யாழ்ப்பாண வேலையை விட்டுவிட்டு வீட்டு வான் கொம்பனியில் சேர்ந்தேன்.

கொழும்பு நிறுவனம் ஒன்று மூன்று வாகனங்கள் கேட்டிருந்தது. நான் பார்த்தது முதலாவது. இரண்டாவது முடிந்தபோது சாப்பாட்டு நேரத்தில் நெடுந்தீவண்ணை வள்ளத்துக்கு நேரமாகிவிட்டது என்று புறப்பட்டார். அது சனிக்கிழமை அல்ல. எல்லாரும் கவனித்தோம். பின்னேரம் இரண்டு பேர் தமக்குள் மெல்லக் கதைத்தார்கள். அவர் யாருடன் இருந்து சாப்பிட விரும்பவில்லை என்று ஊகித்தார்கள். அந்தக் கதை அத்தானின் காதுக்கும் போனது. அவருடைய முகம் மாறியதை நான் கண்டேன். நல்ல தச்சர், நேர்மையானவர், ஆனாலும் இந்த விஷயத்தில் ஒருவருக்கு விலக்குக் கொடுத்தால் முழுச் சட்டமும் போய்விடும் என்று என்னிடம் சொன்னார். அவர் சொன்னதில் எனக்குப் பிழை தெரியவில்லை. அப்படியொரு காரணத்தை எங்களில் ஒருவரும் சந்தேகிக்கவில்லை என்பதே எங்கள் ஊரைப் பற்றி எவ்வளவோ சொல்கிறது. வேறு காரணம் இருக்கக்கூடும் என்று யாருக்கும் தோன்றவில்லை.

மூன்றாவது வாகனம் முடியும் தறுவாயில் சோளகக் காற்று தொடங்கியிருந்தது. ஆலை வாசலால் புழுதி சுழன்று வந்தது. அலுமாரிக் கதவுகள் சில மட்டும்தான் மீதி என்றபடியால் அன்றே உள்ளே சோறு பரிமாறினார்கள். நெடுந்தீவண்ணை முன்பு போலக் கிணற்றடிக்குப் போகத் திரும்பியபோது அத்தான் எல்லாருக்கும் முன்னால் அவரைக் கூப்பிட்டார். குரலை உயர்த்தவில்லை. "இந்தக் கொம்பனியில எல்லாருக்கும் ஒரே சட்டம். நீரும் வாரும்" என்றார். நெடுந்தீவண்ணை செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே ஏறி, கட்டில் ஓரத்தில் இருந்தார். நான் அவருடைய கையில் சோற்றுக் கோப்பையைக் கொடுத்தேன். அவர் ஒரு பிடி சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தபோது புழுதி உள்ளே வருகிறது என்று யாரோ தள்ளுகதவை இழுத்துச் சாத்தினார்கள். அன்று அத்தானும் வெளியே நிலத்தில்தான் நின்றார். கதவு பூட்டுப்பட்ட சத்தத்தோடு நெடுந்தீவண்ணையின் கை நின்றது. நெற்றியில் வியர்வை அரும்பியது. அவர் எங்களைப் பார்க்கவில்லை, கதவையே பார்த்தார். பிறகு கோப்பை கவிழ்ந்தது. எங்கள் கால்களை மிதித்துக்கொண்டு போய், கதவை இரண்டு கைகளாலும் இழுத்துத் திறந்து, வெளியே இறங்கி, வெறுங்காலோடு தெருவால் நடந்து போய்விட்டார்.

மறுநாள் அவர் வரவில்லை. அதற்கடுத்த நாளும் வரவில்லை. அவருடைய தொலைபேசி நிறுத்தப்பட்டுக் கிடந்தது. அவருடைய செருப்பு வாகனத்துக்குப் பக்கத்திலேயே கிடந்தது. அதை யாரும் எடுத்து வைக்கவில்லை. அலுமாரிக் கதவுகள் சில இன்னும் பொருத்தப்படாமல் இருந்தன, கொழும்பிலிருந்து ஆட்கள் வரும் நாளோ நெருங்கிக்கொண்டிருந்தது. ஆனால் அத்தானை வதைத்தது அந்தக் கெடு அல்ல. கதவைத் திறந்துகொண்டு வந்தபோது அந்த மனிதரின் முகத்தை மிகக் கிட்டத்தில் பார்த்தவர் அவர்தான். அந்த முகத்தில் வீம்பு இருக்கவில்லை. காலை வட்டத்தில் அவர் தன் முறை வந்தபோது ஒன்றும் சொல்லவில்லை. முதல் தடவையாக. பிறகு என்னிடம் வந்து, நெடுந்தீவுக்குப் போவோம், நீரும் வாரும், ஒரு பொம்பிளை வந்தால் அவர்களுடைய வீட்டில் கதைக்கச் சுகமாக இருக்கும் என்றார்.

குறிகட்டுவான் இறங்குதுறையில் வள்ளத்துக்காகக் காத்திருந்தோம். நயினாதீவுக்குப் போகிற சனம் அர்ச்சனைச் சாமான்களோடு ஒரு வள்ளத்தில் ஏறிப் போக, நாங்கள் மற்றதில் ஏறினோம். அத்தான் உள்ளே இருக்கைக்கு வராமல் மேல்தட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். தண்ணீர் முகத்தில் அடித்தும் இறங்கவில்லை. நெடுந்தீவில் இறங்கி, வழி கேட்டு, லான்ட்மாஸ்ரர் உழவு இயந்திரத்தின் பெட்டியில் குலுங்கிக்கொண்டு போய்ச் சேர்ந்தபோது நெடுந்தீவண்ணை வீட்டில் இல்லை. மாடுகளுக்குத் தண்ணீர் காட்டப் போயிருந்தார். கல்வேலிக்குள் சின்ன வீடு. அவருடைய மனைவி எங்களைக் கதிரைகளில் இருத்தித் தேநீர் தந்தார். நாங்கள் ஏன் வந்தோம் என்று கேட்கவில்லை. அவருக்குத் தெரிந்திருந்தது. தன் கணவர் சொல்லமாட்டார், அதனால் தான் சொல்வதாகச் சொல்லி, முற்றத்தைப் பார்த்தபடி, ஒரு தரமும் குரல் உடையாமல் சொன்னார்.

அவர்கள் மரவேலைக்காக வன்னிக்குப் போய் அங்கேயே நெடுங்காலம் இருந்தவர்கள். யுத்தத்தின் கடைசிக் காலத்தில் இடம் இடமாக ஓடி, ஒரு கட்டத்தில் ஒதுங்க இடமில்லாமல், இயந்திரம் இல்லாமல் நின்ற கூண்டு லொறியொன்றின் பெட்டிக்குள் இரண்டு குடும்பங்கள் சேர்ந்து இருந்தன. உள்ளேயே கஞ்சி காய்ச்சினார்கள், உள்ளேயே படுத்தார்கள். ஒருநாள் எல்லாரும் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது பக்கத்தில் ஷெல் விழுந்தது. மூத்த மகனுக்குக் காயம். பெட்டியின் கதவு நெளிந்து இறுகிவிட்டது. வெளியிலிருந்து ஆட்கள் வந்து திறக்கும்வரை இவர் உள்ளே இருந்து உதைத்துக்கொண்டேயிருந்தார். திறந்தபோது பிள்ளை உயிரோடு இல்லை. "கதவு உடனே திறபட்டிருந்தா அவன் இருந்திருப்பான் எண்டு இவர் நினைக்கிறார்" என்றார் அந்த அம்மா. "இருந்திருப்பானோ எண்டு எனக்குத் தெரியாது. ஆனா அவர் அப்பிடித்தான் நினைக்கிறார்."

அத்தான் தேநீர்க் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு குடிக்காமல் இருந்தார். கொஞ்ச நேரத்தில் நெடுந்தீவண்ணை மாடுகளோடு வந்தார். எங்களைக் கண்டு தயங்கி, மாடுகளைக் கட்டி, கைகால் கழுவிவிட்டு வந்து, கதிரை இருந்தும் வாசற்படியில் இருந்தார். அத்தான் எழுந்து போய் அவருக்குப் பக்கத்தில் அதே படியில் இருந்தார். நான் அவர்களுடைய முதுகுகளைத்தான் பார்த்தேன். அத்தான் பேசத் தொடங்கினார். தான் ஊரைவிட்டுப் போன கதையைச் சொன்னார். அதை நான் ஒருநாளும் கேட்டதில்லை. அவர் விமானத்தில் போனார் என்றுதான் எங்கள் வீட்டில் எல்லாரும் நம்பியிருந்தோம். பாதி வழிதான் விமானம். மிச்ச வழியில் எல்லை கடப்பதற்காக, பழப்பெட்டிகள் அடுக்கிய லொறியொன்றில், பெட்டிகளுக்குப் பின்னால் பலரோடு ஒடுக்கி வைத்துக் கதவை வெளியால் பூட்டினார்கள். காற்றில்லை. திறந்தபோது ஒருவர் எழும்பவில்லை. அவருடைய பெயர்கூடத் தனக்குத் தெரியாது என்றார்.

"அதுக்குப் பிறகு நான் வாழ்க்கை முழுக்க வீட்டு வான்தான் செய்தனான். ஆனா ஒருநாளும் அதுக்குள்ள படுத்ததில்லை. அங்கை லீவுக்கு எங்களுக்கும் ஒரு வானைத் தருவினம், குடும்பத்தோட போங்கோ எண்டு. மனிசி வானை ஓடிக்கொண்டு போவா, பிள்ளையள் அதில போவினம். நான் ரெயினில போய்ச் சேருவன். தலைச்சுத்து எண்டு சொல்லிப்போடுவன்."

எனக்கு அப்போதுதான் எல்லாம் நினைவுக்கு வந்தது. கதவடிப் படி, வெளியே தொங்கிய கால்கள், வள்ளத்தின் மேல்தட்டு. பிறகு நெடுந்தீவண்ணை, குற்றம் சாட்டாமல், உண்மையிலேயே அறிய விரும்புகிறவரைப் போலக் கேட்டார்.

"அப்ப ஏன் அண்ணை எங்களை உள்ளுக்கு இருத்தினனீங்கள்?"

"எங்கடை சனம் ஒண்டா இருந்து சாப்பிட வேணும் எண்டு நினைச்சன். நீர் அதுக்குத்தான் மாட்டன் எண்டுறீராக்கும் எண்டு நினைச்சிட்டன். கேக்காமல் நினைச்சது பிழை" என்றார் அத்தான்.

பிழை என்ற அந்தச் சொல்லை அவர் காலை வட்டத்தில் எத்தனையோ தடவை சொல்லிக் கேட்டிருக்கிறேன். அங்கே அது ஒரு பழக்கம், ஒரு முன்மாதிரி. நெடுந்தீவு வீட்டுப் படியில் அதைச் சொன்னபோது யாருக்கும் எதையும் காட்டுவதற்காக அவர் சொல்லவில்லை. நெடுந்தீவண்ணை தலையை ஆட்டினார். உள்ளே நின்று பலகை அடிப்பதில் தனக்கு ஒன்றுமில்லை என்றும், வேலை செய்யும்போது எல்லாம் திறந்துதானே கிடக்கிறது என்றும், முடித்த பிறகு கதவைச் சாத்துவதுதான் தன்னால் ஏலாமல் இருக்கிறது என்றும் மெதுவாகச் சொன்னார். பிறகு, வேலைக்கு வருவதற்குத் தான் ஒன்று கேட்பதாகச் சொன்னார். "பின்னுக்கு ஒரு கதவு வேணும். உள்ளுக்கிருந்து ஆர் உதைச்சாலும் திறபட வேணும். எல்லா வானிலையும் வேணும்."

அத்தான் ஓம் என்றார். அந்த ஓமின் பாரம் எனக்கு வள்ளத்தில் திரும்பி வரும்போதுதான் விளங்கியது. மூன்று வாகனங்களின் பின்புறத்தையும் வெட்ட வேண்டும், அங்கே இருந்த பெரிய அலுமாரிகளை எடுத்துவிட வேண்டும், கட்டிலை மாற்றி அமைக்க வேண்டும். கொழும்புக்காரருக்குக் கடிதம் எழுதியவள் நான்தான். அவர்கள் விரும்பவில்லை. பயணிகள் பெட்டிகளை எங்கே வைப்பது என்று கேட்டார்கள். தாங்கள் கேட்ட வரைபடத்தில் இப்படியொரு கதவு இல்லை என்றார்கள். அத்தான் விட்டுக்கொடுக்கவில்லை. கடைசியில் இரண்டை மட்டும் முகம் சுளித்துக்கொண்டு எடுத்தார்கள். மூன்றாவது எங்களிடமே நின்றுவிட்டது. நெடுந்தீவண்ணை அந்தக் கதவுகளைச் செய்தபோது நான் அடிக்கடி போய்ப் பார்த்தேன். பிணைச்சல்களை அவர் பூட்டுவார், கழற்றுவார், மறுபடியும் பூட்டுவார். பலம் குறைந்த ஒருவர் காலால் தள்ளினாலும் திறக்க வேண்டும் என்பது அவருடைய அளவு. என்னைக் கூப்பிட்டு உதைக்கச் சொல்வார். பிறகு அக்காவை. சாப்பாட்டுச் சட்டம் மாறியது. சமைப்பது உள்ளே, சாப்பிடுவது வெளியே, வேப்பமரத்துக்குக் கீழே நீளமாகப் போட்ட வாங்குகளில். நெடுந்தீவண்ணை எங்கள் எல்லாருக்கும் நடுவில் இருந்து சாப்பிட்டார். இரண்டாம் தரம் சோறு கேட்டு வாங்கினார். அவரைப் பற்றி முன்பு மெல்லக் கதைத்தவர்களில் ஒருவர்தான் அவருடைய கோப்பையில் மீனை எடுத்து வைத்தார்.

விற்காமல் நின்ற வானை அக்கா ஓட்டத் தொடங்கினா. அவ ஜேர்மனியில் பழகியவ. சந்தைக்கும் கோயிலுக்கும் அந்தப் பெரிய வெள்ளை வாகனத்தில் அவ போய்வருவதை ஊர் கொஞ்ச நாள் வேடிக்கை பார்த்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் என்னைத் தொலைபேசியில் கூப்பிட்டு, சாட்டிக் கடற்கரைக்கு உடனே வா, சத்தம் போடாமல் வா என்றா. நான் சைக்கிளில் போனேன். சவுக்கு மரங்களுக்குப் பக்கத்தில் வான் நின்றது. முன்பக்கத் தள்ளுகதவும் பின்கதவும் திறந்திருந்தன. கடற்காற்று ஒரு கதவால் போய் மறு கதவால் வந்துகொண்டிருந்தது. அக்கா மணலில் நின்று, உதட்டில் விரலை வைத்து உள்ளே காட்டினா. அத்தான் கட்டிலில் மல்லாந்து படுத்து, வாயைத் திறந்து, குறட்டை விட்டுத் தூங்கிக்கொண்டிருந்தார். எங்கள் வீட்டுக் கலியாண வீடுகளில்கூட அவர் அப்படித் தூங்கி நான் கண்டதில்லை. அக்கா கொஞ்சம் தள்ளிப் போய் நின்று, சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டா. இத்தனை வருசம் தலைச்சுற்று என்று நம்பியிருந்தேனே என்று மட்டும் சொன்னா. அவர் எழும்பும்வரை நாங்கள் இருவரும் மணலில் இருந்து கச்சான் கடலை சாப்பிட்டோம்.

அத்தான் போன மாரியில் இறந்துபோனார். நெஞ்சுநோ வந்து யாழ்ப்பாண ஆஸ்பத்திரியில் சில நாட்கள் இருந்தார். யன்னல் பக்கத்துக் கட்டில் கிடைத்தது என்று சந்தோசப்பட்டார். செத்தவீடு முடிந்து ஆலை திறந்த முதல் நாள் காலையில் எல்லாரும் வட்டமாக நின்றோம். அவர் நிற்கிற இடத்தை யாரும் நிரப்பவில்லை. யார் தொடங்குவது என்று தெரியாமல் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு நின்றபோது நெடுந்தீவண்ணை தொண்டையைச் செருமினார். முந்திய நாள் பொழுதுபோகாமல் தனியே வந்து வேலை செய்ததாகவும், அப்போது ஒரு அலுமாரிக் கதவைப் பிழையாக அறுத்துவிட்டதாகவும், யோசனை வேறு இடத்தில் இருந்ததாகவும் சொன்னார். பிறகு பக்கத்தில் நின்றவரைப் பார்த்தார். அவர் தன் பிழையைச் சொன்னார். அப்படியே வட்டம் சுற்றி என்னிடமும் வந்தது. அக்கா இப்போது கணக்கு வழக்கைப் பார்க்கிறா, நான் கடிதங்களையும் வருகிற ஆட்களையும் பார்க்கிறேன். வேலைகளைப் பிரித்துக் கொடுப்பது நெடுந்தீவண்ணை.

வருகிற ஆட்களுக்குச் சுற்றிக் காட்டும்போது எல்லாரும் கேட்கிற கேள்வி ஒன்று உண்டு. நல்ல அலுமாரியொன்று வைக்கக்கூடிய இடத்தில் எதற்கு இந்தப் பின்கதவு? காற்றோட்டத்துக்கு, பாதுகாப்புக்கு என்று நான் சொல்லிவிட்டுப் போய்விடுவேன். இரண்டு கிழமைக்கு முன்பு, வெளிநாட்டிலிருந்து விடுமுறைக்கு வந்திருந்த, சுருவிலைச் சொந்த ஊராகக் கொண்ட ஒருவர் தனக்கொன்று செய்விக்க வேண்டும் என்று பார்க்க வந்தார். அவரும் அதையே கேட்டார். நான் வழமையான பதிலைச் சொல்ல வாய் எடுக்குமுன், வாகனத்துக்குப் பின்னால் நின்று பிணைச்சல் பூட்டிக்கொண்டிருந்த நெடுந்தீவண்ணை வாயில் கவ்வியிருந்த ஆணிகளைக் கையில் எடுத்துக்கொண்டு, "அது என்ரை மூத்தவன்ரை கதவு" என்றார். வந்தவருக்கு விளங்கவில்லை. என்னைப் பார்த்தார். நெடுந்தீவண்ணை அவரை உள்ளே ஏறச் சொன்னார். ஏறியதும் முன்கதவைச் சாத்தும்படி எனக்குச் சைகை காட்டினார். நான் சாத்தினேன். பிறகு பின்பக்கம் போய், இப்போது உதையுங்கள் என்று வெளியே நின்று குரல் கொடுத்தார். கதவு ஒரே உதையில் அகலத் திறந்தது. உள்ளே நின்றவர் தடுமாறி வெளிச்சத்தில் கண்களைச் சுருக்கியபோது, அவரைப் பிடித்து இறக்குவதற்கு நெடுந்தீவண்ணை இரண்டு கைகளையும் நீட்டிக்கொண்டு நின்றார்.